இரணைமடுக் குளக்கட்டில் ஒரு நகர இசை

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ரயிலில் போகும்போது அமெரிக்க இசையமைப்பாளர் ஜோர்ஜ் கேர்ஷ்வினின் 'ராப்சொடி இன் ப்ளூ'வைக் கேட்டேன். பொஸ்டனுக்குச் சென்ற ரயிலின் இரும்புச் சத்தத்துக்குள்தான் அந்தப் படைப்பின் முழு வடிவமும் தமக்குப் புலப்பட்டதாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஓமந்தையைத் தாண்டிக் காட்டுக்குள் ரயில் வேகமெடுத்தபோது அக்கூற்றை முழுமையாக நம்பினேன். ஆனாலும் 1924இல் அரங்கேறிய அந்தப் படைப்பில் ஜாஸும் வாத்தியக்குழுவும் எதிரெதிரே நின்று மாறிமாறிப் பேசுவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டும் ஒன்றாய்க் கரைந்திருப்பது இன்னொரு அமெரிக்க இசையமைப்பாளரான ஜோன் அடம்ஸின் 'சிற்றி நுவார்' (இருண்ட நகரம்) என்ற படைப்பில். 1940கள், 50களின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட, ஏறத்தாழ 35 நிமிடம் நீளும் இதனை, 2009 ஒக்டோபரில் குஸ்தாவோ டுடமெலின் நெறியாள்கையில் அந்நகரின் பில்ஹார்மோனிக் வாத்தியக்குழுவே முதன்முதலில் இசைத்தது.

அன்று பின்னேரம் இரணைமடுக் குளக்கட்டில், கோயில்களில் தவில் வாசிக்கும் நண்பர் ஒருவருக்கு அதன் முதற்பகுதியைப் போட்டுக் காட்டினேன். அல்ட்டோ சக்ஸபோன் மூச்சுவிடாமல் ஓட, வயலின்கள் அதைத் துரத்த, அடியில் ஜாஸ் ட்ரம்ஸ் சிம்பலைத் தட்டியபடியே இருக்கும் இடத்தில் அவருடைய விரல்கள் தொடையில் கணக்குப் போட்டன, பிறகு நின்றுவிட்டன. "அண்ணை, இந்த ட்ரம்ஸ்காரர் தாளத்தைப் பிடிச்சுக் குடுக்கேல்லை, மற்ற ஆக்களை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு போறார்" என்றார். இந்த இசையைப் பற்றி இதைவிடத் துல்லியமாக எவரும் என்னிடம் சொன்னதில்லை. நகரத்தின் நெரிசலை அடம்ஸ் உரத்த ஒலியால் காட்டவில்லை. வெவ்வேறு வேகங்களில் போகும் பல குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டுகிறார். பஸ் ஹோர்ன் கேட்காத இந்தக் கட்டில் அந்த அடுக்குகளைத் தனித்தனியே பிரித்துக் கேட்க முடிந்தது.

இரண்டாம் பகுதியில் வரும் டிரொம்போன் என்ற ஊதுகருவியின் தனி, ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் குழுவினருடைய பேசுவது போன்ற வாசிப்பை முன்மாதிரியாகக் கொண்டது. நியூ ஹாம்ப்ஷயரில் ஏரிக்கரையோரம் அடம்ஸின் தாத்தா நடத்திய நடன மண்டபத்துக்கு எலிங்டன் வந்து வாசித்திருக்கிறார். மாநகரின் இருளை எழுதியவருக்கு ஜாஸ் ஒரு நீர்க்கரையில்தான் அறிமுகமாயிற்று என்று சொன்னதும் நண்பர் அந்த டிரொம்போனை மறுபடி கேட்க விரும்பினார்.

எக்காளம் தனித்துத் தெரியும் 'பூலவார்ட் நைட்' என்ற மூன்றாம் பகுதி, அழகாக இருந்தும், முதற்பகுதியின் நெருக்கத்தை எட்டவில்லை என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரே கருத்து. அடுத்த முறை அவருக்கு அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கின் 'சிற்றி லைஃப்' வைத்திருக்கிறேன். கார் ஹோர்னையும் கதவு அடிபடும் ஓசையையும் வாத்தியங்களோடு சேர்த்தே வாசிக்கும் அந்த 1995ஆம் ஆண்டுப் படைப்பில் ஒரு தவில்காரருக்குக் கேட்க நிறைய இருக்கிறது.