ஜானி கிளெக்கின் இசைப் பின்னணி: கட்டுரைக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் நான் தயாரான விதம்

டர்பனில் இசை படிக்கிற நம் பிள்ளைகள் சிலர் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். ஒரு பாடகர்-பாடலாசிரியரின் இசைப் பின்னணி, அவர்மீது படிந்த தாக்கங்கள் என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லி, அப்புறம் அதைப் பற்றியே உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார்களே, அதற்கு எப்படிப் படிப்பது? நான் எடுத்தது தென்னாப்பிரிக்கப் பாடகர் ஜானி கிளெக்கை, ஜுலு மக்களின் இசையையும் மேற்கத்திய இசையையும் கலந்து பாடியவர். நீங்கள் வேறு யாரை எடுத்தாலும் வேலை கிட்டத்தட்ட இதேதான்.

பலரும் பெயர்ப் பட்டியல் போடுகிறார்கள். சார்லி ம்சீலா, சிபோ ம்ச்சூனு, கெல்டிக் நாட்டுப்புற இசை, ராக் என்று அடுக்கிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள். அதற்கும் கொஞ்சம் மதிப்பெண் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தேர்வாளர் கேட்பது வேறு. அந்தத் தாக்கம் பாட்டில் எந்த இடத்தில் காதில் விழுகிறது, அது அவரிடம் எந்த வழியாக வந்து சேர்ந்தது? இந்த இரண்டுக்கும் உங்களிடம் பதில் இல்லாத பெயரைக் கட்டுரையில் சேர்க்கவே வேண்டாம்.

பிறப்பு வளர்ப்பைச் சுருக்கமாக முடித்துவிடுங்கள். 1953-இல் இங்கிலாந்தில் பேக்கப் என்ற ஊரில் பிறந்தவர், அம்மா பாடகி, ஜிம்பாப்வேயிலும் ஜாம்பியாவிலும் சில காலம் இருந்துவிட்டு ஜொஹானஸ்பர்க் வந்து சேர்ந்தார், அவ்வளவு போதும். விரித்து எழுத வேண்டியது அதற்கு அடுத்த கட்டம். 14 வயதில் அவருக்கு ம்சீலாவின் பழக்கம் கிடைக்கிறது. பகலில் அடுக்குமாடிக் கட்டடத்தில் துப்புரவு வேலை, வேலை முடிந்தால் தெருவில் கிடார், அதுதான் ம்சீலா. நகரத்துக்கு வேலைக்கு வந்த ஜுலு ஆண்கள் தங்கும் விடுதிகளுக்கு அவர் பின்னாலேயே போய்ப் பாட்டையும் ஆட்டத்தையும் கற்றுக்கொண்டார் கிளெக். வெள்ளைக்காரப் பையன் அங்கே போகவே கூடாது என்பது அன்றைய நிறவெறிச் சட்டம், அதற்காகப் போலீஸிடம் பிடிபட்டும் இருக்கிறார். இசைத்தட்டைக் கேட்டு வந்த தாக்கத்துக்கும் இப்படி வந்த தாக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்கள் எழுதிக் காட்டினாலே பாதிக் கட்டுரை முடிந்த மாதிரி.

அடுத்து மஸ்கந்தா, ஜுலுக்கள் கிடாரோடு பாடும் இசை வகை. இதை மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள், கேள்வி வருவது இங்கேதான். பாட்டு தொடங்கும் முன் கிடாரில் வேகமாக ஓர் ஓட்டம் வரும், அதன் பெயர் இசிஹ்லாபோ. பிறகு கட்டைவிரல் கீழ்ச்சுரங்களைப் பிடித்துக்கொண்டிருக்க ஆள்காட்டி விரல் மெட்டை வாசிக்கும். நடுவில் பாடுவதை நிறுத்திவிட்டுத் தன் குலம், ஊர் என்று மூச்சுவிடாமல் பேசுவார்கள், அது இசிபோங்கோ. நம் மெய்க்கீர்த்தி மாதிரி என்று எனக்கு உடனே தோன்றியது, புரிந்துகொள்ள உதவவும் செய்தது. ஆனால் கட்டுரையில் எழுதவில்லை. மெய்க்கீர்த்தி அரசனைப் புகழ்வது, இங்கே பாடகர் தன்னையே சொல்லிக்கொள்கிறார். அந்த வேறுபாட்டையும் விளக்க இடம் இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. கை தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிடும். ஜுலு கூட்டுப்பாட்டில் முன்பாடுபவர் ஓரிடத்தில் தொடங்குவார், குழு வேறிடத்தில் நுழையும், ஒருவர் முடிக்கும் முன் மற்றவர் மேலே ஏறிவிடுவார். சமம் எங்கே என்று தேடினால் தலைசுற்றும். முதல் முறை முன்பாடுபவரோடு மட்டும் முணுமுணுங்கள், அடுத்த முறை குழுவோடு மட்டும். ஒவ்வொருவரும் எத்தனையாவது வினாடியில் நுழைகிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள். வாய்மொழித் தேர்வில் எனக்கு அதிகம் கைகொடுத்தது அந்தத் தாள்தான்.

சிபோ ம்ச்சூனு நம் மாகாணத்துக் கிரான்ஸ்காப் பக்கத்துக்காரர், ஜொஹானஸ்பர்க்கில் தோட்ட வேலை பார்த்தவர். கிடாரில் போட்டி போடத்தான் கிளெக்கைத் தேடி வந்தார், அந்தப் பழக்கத்தில் பிறந்ததுதான் ஜுலுக்கா இசைக்குழு. முதல் ஆல்பம் 1979-இல் வந்த ‘யுனிவர்சல் மென்’, ஊரை விட்டு வேலைக்குப் போகிறவர்களின் கதை. 1981-இன் ‘ஆஃப்ரிக்கன் லிட்டனி’யில் இருக்கும் ‘இம்பி’ என்ற பாட்டு, 1879-இல் ஜுலுக்கள் பிரிட்டிஷ் படையை வென்ற இசாண்ட்ல்வானா போரைப் பாடுகிறது. அரசு வானொலி மொழிவாரியாகப் பிரிந்து கிடந்த காலம் அது, ஆங்கிலமும் ஜுலுவும் கலந்த பாட்டை எந்தப் பிரிவில் போடுவார்கள்? 1985-இல் ம்ச்சூனு பண்ணைக்கே திரும்பிவிட, 1986-இல் கிளெக் சாவுக்கா என்ற புதுக் குழுவைத் தொடங்கினார். ஜுலுக்கா பாட்டு ஒன்றையும் சாவுக்கா பாட்டு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். கீபோர்டும் டிரம்ஸும் எப்படி முன்னுக்கு வருகின்றன என்பதை ஒரு பத்தி எழுதினால் போதும்.

சாவுக்காவுக்கு 1987-இன் ‘அசிம்போனங்கா’ நல்ல தேர்வு. சிறையில் இருந்த மண்டேலாவைப் பற்றிய பாட்டு, பல்லவி ஜுலுவில், சரணங்கள் ஆங்கிலத்தில். நிறவெறியை எதிர்த்துப் போராடி உயிரிழந்த ஸ்டீவ் பிக்கோ, விக்டோரியா ம்செங்கே, நீல் அகெட் என்று மூன்று பேரின் பெயர்களைக் கூப்பிடுகிறது. ம்செங்கே கொல்லப்பட்டது 1985-இல் டர்பனின் உம்லாசியில், நம் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்துக்குப் பக்கத்திலேயே. உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டிக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும், கேட்டுப் பாருங்கள், எந்த நூலகத்திலும் அப்படிக் கிடைக்காது.

வெள்ளைக்காரர் ஜுலு இசையை எடுத்துக்கொண்டது திருட்டு இல்லையா என்ற கேள்வி நிச்சயம் வரும். பிரான்சில் அவரை ‘வெள்ளை ஜுலு’ என்றார்கள். எனக்கு அந்தப் பட்டம் பிடிக்காது, கட்டுரைத் தலைப்பில் வைக்காதீர்கள். ம்ச்சூனுவோடு சேர்ந்து செய்தது, விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் கற்பித்தது, ஜொஹானஸ்பர்க்கில் வேலை செய்த ஜுலுக்களின் கான்சர்ட்டினா (சிறிய கைத்துருத்தி வாத்தியம்), கிடார் இசை பற்றி அவரே ஆய்வுக் கட்டுரை எழுதியது எல்லாவற்றையும் சொல்லுங்கள். அந்தக் கட்டுரை கிடைத்தால் 2019-இல் அவர் இறந்தபோது வந்த இரங்கல் செய்திகளுக்கு முன்னால் அதைப் படியுங்கள். கூடவே, உலகப் புகழ் யாருக்கு அதிகம் கிடைத்தது, ம்சீலாவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதையும் சொல்லத் தயங்க வேண்டாம். நான் இரண்டையும் சொன்னேன், அதற்குமேல் குறுக்குக் கேள்வி வரவில்லை.

இன்னொன்று, ஜுலுப் பெயர்களை வகுப்பில் ஜுலு பேசுகிற யாரிடமாவது முன்கூட்டியே சொல்லிக் காட்டுங்கள். ம்செங்கே என்று நான் எழுதியிருக்கும் பெயரில் நாக்கின் ஓரத்தில் சொடுக்குகிற ஒலி ஒன்று இருக்கிறது, தமிழ் எழுத்தைப் பார்த்துப் பழகினால் அது வராது.