முதல்ல படி, அப்புறம் உட்காரலாம்

அவனை ஏன் முன்பெஞ்சுக்கு மாற்றினேன் என்று யார் கேட்டாலும் இன்றும் தயங்காமல் சொல்வேன். இரண்டாம் வகுப்பில் பாதி கடந்தும் அவனுக்கு வாசிக்க வரவில்லை. வரவில்லை என்பதே வெகுநாள் வெளியில் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி ஒவ்வொரு சொல்லாக அவன் காதில் சொல்வாள். அவன் எழுத்துக்கு அடியில் விரலை நகர்த்தியபடி அதை உரக்கச் சொல்வான். விரல் ஒரு சொல்லில் நிற்கும், வாய் அடுத்த சொல்லுக்குப் போயிருக்கும். கேட்ட கதையைத் திருப்பிச் சொல்வதில் வகுப்பிலேயே அவன்தான் முதல் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவள் வராத ஒரு நாளில் அவன் முறை வந்தது. வயிறு வலிக்கிறது என்றான். அன்றுதான் பிடிபட்டது.

இடம் மாறச் சொன்னபோது அவன் அழவில்லை, அடம் பிடிக்கவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு என் மேசையருகே வந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டான்.

“நான் படிச்சுட்டா அவ பக்கத்துல உட்காரலாமா டீச்சர்?”

“முதல்ல படி, அப்புறம் உட்காரலாம்.”

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கணக்கை முடி, அப்புறம் விளையாடலாம். எழுதி முடி, அப்புறம் தண்ணீர் குடிக்கப் போகலாம். நாள் முழுவதும் நாங்கள் பேசுவது இந்த மொழிதான். ஆனால் அரை மணி நேரம் கழித்துப் போனாலும் விளையாட்டு அங்கேயே இருக்கும். ஏழு வயதில் ஒரு நட்பு அப்படி இருக்குமா? அந்த நிமிடம் அது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் வேறு என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தால், அதற்கும் பதில் கிடைப்பதில்லை.

அவன் படித்தான். நான் எதிர்பார்த்ததைவிட வேகமாகவே படித்தான். மற்றவர்கள் எழுதும் நேரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி, ஒற்றெழுத்துகளில் தடுக்கி, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்து வாசிப்பான். பக்கம் முடிந்ததும் தலையைத் திருப்பிப் பின்பெஞ்சைப் பார்ப்பான். படிக்க வேண்டும் என்ற வேட்கையை அவனுக்குக் கொடுத்தது அந்தப் பார்வைதான் என்று நினைக்கிறேன். பாசம் கற்றலுக்குத் துணை செய்யும் என்று பயிற்சிகளில் சொல்வார்களே, அது இங்கே மெய்யாகவே நடந்தது. நடந்த விதம்தான் எனக்கு ஒப்பவில்லை.

அந்தப் பயிற்சிகளில் தவறாமல் வரும் சோதனை ஒன்று உண்டு. 1960-களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் தொடங்கியது. குழந்தையின் முன் ஓர் இனிப்பை வைத்து, இப்போதே வேண்டுமானால் ஒன்று, நான் வரும்வரை பொறுத்திருந்தால் இரண்டு என்பார்கள். அதிக நேரம் பொறுத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் படிப்பிலும் முன்னே நின்றார்கள் என்று 1990-இல் ஓர் ஆய்வு வந்தது. 2018-இல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்தபோது அதிலும் பெரும்பகுதி கரைந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது இவற்றுக்கு நடுவே 2013-இல் வந்த சிறிய சோதனை. 28 குழந்தைகள்தான். நல்ல வண்ணப் பென்சில் கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் போன பெரியவர், பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து நின்றார். அதன் பிறகு இனிப்பை வைத்தார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். மற்றவர்கள் காத்திருந்தது சுமார் 3 நிமிடம். பொறுமை என்று நாம் மதிப்பெண் போடுவதில் பாதி, எதிரில் நிற்கும் பெரியவர் மேல் குழந்தைக்கு உள்ள நம்பிக்கை.

அவன் என்னை நம்பிக் காத்திருந்தான். நானும் சொன்னபடி செய்தேன். பருவம் முடிவதற்கு முன்பே, ஒரு முழுக் கதையைத் தடங்கலில்லாமல் வாசித்த அன்று, அவனைப் பழைய இடத்துக்கு அனுப்பினேன். அதற்குள் அந்த பெஞ்சில் அவளுக்கு வேறொரு தோழி வந்துவிட்டாள். இருவருக்கும் தனி விளையாட்டு, தனி ரகசியம். அவள் இவனை விரட்டவில்லை, நகர்ந்து இடம் கொடுத்தாள். இவன் ஓரத்தில் உட்கார்ந்தான். சில நாட்களில் மதிய இடைவேளைகளில்கூட இவன் கையில் புத்தகம் இருந்தது.

“பையன் எப்படி மாறிட்டான் பாருங்க டீச்சர், கையில புத்தகத்தை விடவே மாட்டேங்கறான்” என்று சக ஆசிரியை மகிழ்ந்து சொன்னார். அவன் அம்மா கைகூப்பி நன்றி சொன்னார். அவர்கள் பார்த்ததும் உண்மைதான்.

அந்த வயதில் நட்புகள் தாமாகவே இடம் மாறும். நான் பிரிக்காமல் இருந்திருந்தாலும் அவர்கள் விலகியிருக்கக் கூடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு குழந்தை இன்று துணையோடு செய்வதை நாளை தனியாகச் செய்யும் என்றார் உளவியலாளர் வைகாட்ஸ்கி. அந்தத் துணையைத்தான் 1976-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை கட்டடச் சாரம் என்று விளக்கியது. கட்டடம் எழ எழச் சாரத்தைப் பிரிக்க வேண்டும். அவள் செய்தது அதுவல்ல. எழுத்தைக் கூட்டும் வேலையே அவனுக்கு மிஞ்சாதபடி முழுச் சொல்லையும் கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்பினால்தான் கொடுத்தாள். அப்படியே விட்டிருந்தால் மூன்றாம் வகுப்பில் எல்லாப் பாடத்தையும் வாசித்தே அறிய வேண்டிய நிலையில் அவன் மொத்தமாகப் பின்தங்கியிருப்பான். வாசிக்கத் தெரியாத குழந்தை வகுப்பில் தினமும் படும் கூச்சமும் தனிமைதானே. இந்த வாதத்தை நான் முழுமையாக நம்புகிறேன். நம்பியும் மனம் அமைதியாவதில்லை.

யோசித்துப் பார்க்கும்போது, குழந்தைகளின் உணர்வு வளர்ச்சியைப் பற்றி நாங்கள் பேசும் பேச்சிலேயே ஒரு சிக்கல் தெரிகிறது. பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த, 2011-இல் வந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்றை அடிக்கடி மேற்கோள் காட்டுவோம். உணர்வுகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் கற்றுத்தரும் 213 திட்டங்கள், சுமார் 2,70,000 மாணவர்கள். நூறு பேரை வரிசைப்படுத்தினால் சராசரி மாணவர் 11 இடம் முன்னேறுவதற்குச் சமமான பலன் படிப்பில் கிடைத்தது. நல்ல செய்திதான், நானே பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் நட்பும் நிம்மதியும் மதிப்பெண்ணை உயர்த்துவதால்தான் வேண்டும் என்றால், அவை போய் மதிப்பெண் மட்டும் உயரும் இடத்தில் நம்மிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. அவன் விஷயத்தில் எனக்கு நேர்ந்தது அதுதான். மதிப்பீட்டுப் படிவத்தில் சக மாணவர்களுடன் பழகுதல் என்று ஒரு கட்டம் இருந்தது. அவன் யாரோடும் சண்டை போடுவதில்லை, கேட்டால் பென்சில் கொடுப்பான், முறை வரும்வரை பொறுத்திருப்பான். அந்தக் கட்டம் கேட்ட எல்லாவற்றுக்கும் ‘நன்று’ என்பதே உண்மையான விடை. அடித்துக்கொள்ளும் குழந்தை உடனே கண்ணில் படும். சத்தமில்லாமல் ஒதுங்கும் குழந்தையை நல்ல பிள்ளை என்கிறோம்.

ஒருவேளை அவனுக்குப் புத்தகம் உண்மையிலேயே பிடித்துப்போயிருக்கலாம். தனியாக இருப்பதெல்லாம் தவிப்பு அல்ல. அவனிடமே கேட்டுப் பார்த்தேன். “அவங்க விளையாடறாங்க டீச்சர், நான் படிக்கறேன்” என்றான். குரலில் வருத்தம் இல்லை. இல்லை என்றுதான் எனக்குக் கேட்டது.

இந்த ஆண்டும் அப்படி ஓர் இணை வகுப்பில் இருக்கிறது. ஒருத்தி வாசிக்கிறாள், மற்றவள் அவள் வாயைப் பார்க்கிறாள். இம்முறை பிரிக்கவில்லை. வாசிப்பு நேரத்துக்கு மட்டும் அந்த மற்றவளை என்னிடம் அழைத்துக்கொள்கிறேன், முடிந்ததும் அவள் தன் இடத்துக்கு ஓடிவிடுவாள். சொல்லிக்கொடுப்பவளிடமும் பேசியிருக்கிறேன், முதல் எழுத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள் என்று. பாதி நாள் மறந்துவிடுகிறாள். முன்னேற்றம் மெதுவாகத்தான் இருக்கிறது, அவனோடு ஒப்பிட்டால் மிகவும் மெதுவாக. என்னிடம் வாசிக்க வருபவளின் அம்மா இரண்டு பேரையும் தனித்தனியாக உட்கார வைக்கச் சொல்லிக் கேட்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அடுத்த மதிப்பீடு வரை பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.