சீகன்பால்க் ஐயர் கல்லறையருகே அம்மாவோடு

தரங்கம்பாடிக்குப் போய், வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஐயரின் கல்லறையை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் வெகுநாள் ஆசை. ரிட்டையர் ஆகட்டும், மழை விடட்டும், முழங்கால் வலி குறையட்டும் என்று தள்ளிக்கொண்டே போய், அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். அவருக்குப் பதிலாகத் தானே போய் அங்கே ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வருவதாக அம்மா பொருத்தனை பண்ணியிருந்தார்கள். இந்தக் கோடையில் கர்த்தர் அதை நிறைவேற்றினார்.

மயிலாடுதுறையில் பஸ் மாறிப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். விடுமுறைக் கூட்டம் வேறு. கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று ஒருவர் அம்மாவின் கைப்பையைப் பிடிக்காத குறையாகக் கூடவே வந்தார். கூப்பிடு தூரத்துக்கு ஒரு ஆட்டோக்காரர் வாய்க்கு வந்ததைக் கேட்டார். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கல்லறை இருக்கும் புதிய எருசலேம் ஆலயப் படியை அடைத்துக்கொண்டு செல்ஃபி எடுத்தவர்கள், வயதானவர் நிற்கிறாரே என்றுகூட நகரவில்லை. அதுதான் மனசுக்கு ஆறவில்லை. கதவும் பூட்டியிருந்தது. சாவி வரும்வரை அம்மா சுவரோரம் இருந்த கொஞ்ச நிழலில் அப்பாவின் வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திரும்பிவிடலாமா என்று நான் கேட்டதற்குப் பதிலே இல்லை.

உள்ளே போனதும் வெளிச்சத்தம் அடங்கியது. பீடத்தருகே கல்லறை. "மனுஷனை வணங்கப்படாது மக்களே, வசனம் அப்படித்தான் சொல்லுது" என்று முதலிலேயே எனக்குச் சொல்லிவிட்டு, அம்மா நின்றபடியே வேதாகமத்தை விரித்தார்கள். 90-ஆம் சங்கீதம். அப்பா சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்த பக்கம். விரல் பட்டுப் பட்டு ஓரம் பழுப்பேறி, துணி மாதிரி மெத்தென்று இருந்தது. "எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்" என்ற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்கள்:

"இவருக்குச் சாகும்போது என்ன வயசு?"

"36, அம்மா."

"36-ஆ..." கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "அப்பாவுக்கு அதுல ரெண்டு பங்குக்கும் மேல குடுத்திருக்காரு."

அடக்கம் ஆன நாளிலிருந்து "இன்னும் கொஞ்ச நாள் வச்சிருக்கக் கூடாதா ஆண்டவரே" என்று அழுதுகொண்டிருந்த அம்மாவின் வாயிலிருந்து இது வந்தது. எனக்குக் கண்ணீரை அடக்க முடியவில்லை.

1706 ஜூலை 9-ல் இந்தக் கரையில் இறங்கியபோது ஐயருக்கு 24 வயது நிறைய ஒரே ஒரு நாள் பாக்கி. 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். அந்த வருஷம் முடிவதற்குள் இங்கிருந்த டேனிஷ் தளபதி அவரைக் கோட்டைச் சிறையில் போட்டார், நாலு மாதம். வெளியே வந்து விட்ட வேலையைத் தொடர்ந்து, 1711 மார்ச்சில் முடித்தார். 1715-ல் முழுப் புதிய ஏற்பாடும் இங்கேயே அச்சாகி வெளிவந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரை பெயர்த்திருந்தார். 1719 பிப்ரவரி 23-ல் கர்த்தர் அழைத்துக்கொண்டார். மீதியை அவருக்குப் பின் வந்த மிஷனரி ஷுல்ட்சே ஐயர் முடித்தார். பிறகு இன்னொரு மிஷனரியான பப்ரிசியஸ் ஐயர் ஆயுசெல்லாம் உட்கார்ந்து திருத்தினார். வேலை பாதியில் நிற்கிறதே என்று சீகன்பால்க் ஐயர் கலங்கியிருப்பாரோ என்னவோ. நாம் காலையில் அவசரமாக ஒரு வசனத்தை போனில் பார்த்துவிட்டு ஓடுகிறோம். அந்த ஒரு வசனத்தைத் தமிழில் தர இந்த மண்ணில் எத்தனை பேருடைய ஆயுசு போயிருக்கிறது!

திரும்பும் பஸ்ஸில் நெரிசல். ஒரு தங்கச்சி எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தது. உட்கார்ந்ததும், "ரூத்தோட நின்னுச்சுன்னா அடுத்தது சாமுவேல்தானே?" என்று கேட்டுவிட்டு, முதல் அதிகாரத்தை எடுத்தார்கள். அன்னாளுடைய பொருத்தனை. எனக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே வாசித்தார்கள்.

தாமதமானாலும் எங்களைக் கூட்டிக்கொண்டு போன கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அந்த வெயிலில் சாவியோடு சைக்கிளில் வந்து, "மெதுவா ஜெபம் பண்ணுங்கம்மா" என்று சொல்லி, காணிக்கை கொடுத்தபோதும் பெட்டியில் போடச் சொன்ன அந்த ஆலயப் பணியாளரையும், அவர் வீட்டாரையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.