பாயில் ஏறும் பெயர்கள்

ஜூன் 9, பாளையங்கோட்டை

பத்தமடையிலிருந்து அண்ணாச்சி போன் செய்தார். கல்யாணப் பாய் ஆர்டர் ஒன்றில் பெண்ணின் பெயர் 'முத்துலட்ச' என்று நிற்கிறது. "தறியில் ஏற்றுவதற்கு முன்னால் கண்ணில் பட்டது தம்பி, இல்லையென்றால் பாயே வீண்" என்றார். மணமக்கள் பெயரை நெய்து வாங்குவதற்கென்றே பத்தமடைக்கு வருகிறவர்கள் உண்டு. பிரவுசரில் திறக்கும் அந்த ஆர்டர் படிவத்துக்கு நிரல் எழுதியவன் நான். இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 10

காரணம் பிடிபட்டது. பாயின் அகலத்தில் பத்து எழுத்துதான் அடங்கும் என்று அண்ணாச்சி சொன்னதை வைத்து, பெயர்ப் பெட்டிக்கு மேக்ஸ்லென்த், அதாவது தட்டக்கூடிய உச்ச நீளம், 10 என்று கொடுத்திருந்தேன். முத்துலட்சுமி நமக்கு ஏழெழுத்து, பிரவுசருக்கு 13. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொதுமுறையான யூனிகோடில் 'மு' என்றால் மகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று. 'த்' என்றால் தகரமும் புள்ளியும். 'ல' மட்டுமே ஒற்றை. பத்தாவதாகச் சகரம் நுழைந்ததும் வாசல் அடைபட்டது, அதன் உகரம் வெளியே நின்றுவிட்டது.

படிவத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் நீளம் சொல்லும் லென்த்தும் இதே கணக்குத்தான். பெயருக்கு முன் மூன்று புள்ளி வைத்து அரேயாக, அதாவது பட்டியலாக, பிரித்துப் பார்த்தேன், அப்போதும் 13. எமோஜிக்குக் கைகொடுக்கும் அந்த உத்தி தமிழுக்கு உதவாது.

ஜூன் 11

மேக்ஸ்லென்த்தை நீக்கிவிட்டேன். சொல்லைத் துண்டுகளாகப் பிரிக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கருவியான 'இன்ட்ல்.செக்மென்டர்' ஒன்றை உருவாக்கி, மொழிக்குத் தமிழின் குறியீடான 'டிஏ', எந்த அளவில் பிரிப்பது என்ற கிரானுலாரிட்டிக்கு 'கிராஃபீம்' (குறியோடு சேர்ந்த முழு எழுத்து) என்று கொடுத்தேன். அதன் செக்மென்ட் முறையில் பெயரைத் தந்து, வருவதை 'அரே.ஃப்ரம்' வழியாகப் பட்டியலாக்கி எண்ணினால் சரியாக 7. ஃபயர்ஃபாக்ஸில் இது 2024-இல், 125-ஆம் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளை நம்பி இருப்பவர்களுக்காக எழுத்துகளைப் பொருத்திப் பிடிக்கும் விதியான ரெகெக்ஸ் ஒன்றும் வைத்தேன்: யூனிகோடு வகைப்படி ஓர் எழுத்து, அதை ஒட்டி வரும் குறிகள் எத்தனையானாலும் சேர்த்து ஒன்று. யூனிகோடு முறையில் பார்க்கச் சொல்லும் 'யூ' கொடியை மறந்தால் இது வேலை செய்யாது.

ஜூன் 13

பாபநாசம் பஸ்ஸில் பத்தமடை போனேன். சாரல் விட்டு விட்டு அடித்தது. நெய்கிற அம்மாவிடம் போனில் படிவத்தைக் காட்டி, எந்தப் பெயரையாவது சொல்லுங்கள் என்றேன். 'லக்ஷ்மி' என்றார். திரையில் 4 என்று வந்தது. அவர் விரல்விட்டு எண்ணி, "மூன்று" என்றார். கையும் கண்ணும் 'க்ஷ்' என்பதை ஒரே உருவாகத்தான் பார்க்கின்றன; செக்மென்டர் அதைக் 'க்', 'ஷ்' என்று பிரித்துவிடுகிறது. 'ஸ்ரீ'க்கும் அப்படித்தான். எண்ணுவதற்கு முன் இந்த இரண்டையும் இணைக்கும் வரியை அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து எழுதினேன்.

இன்னொன்றும் சொன்னார்: 'ர' ஒடுங்கி நிற்கும், 'ணை' இரண்டு பேர் இடத்தைக் கேட்கும். எண்ணிக்கையை வைத்துப் பெயரைத் தடுப்பதே தவறு என்று அப்போதுதான் உறைத்தது. இனி படிவம் யாருடைய பெயரையும் வெட்டாது. பத்தைத் தாண்டினால் 'நெய்பவர் உங்களுடன் பேசுவார்' என்று மட்டும் காட்டும்.

ஜூன் 16

தேடல் பெட்டியில் 'கோரை' என்று தட்டினால் பாதிப் பாய்கள் வரவில்லை. ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு வேறுபாடே கிடையாது. சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டு வகையையும் ஒரே வடிவமாக்கும் 'நார்மலைஸ்' முறையில் 'என்எஃப்சி' (சேர்த்து எழுதும் வடிவம்) கொடுத்ததும் எல்லாம் வந்தன. ஔகாரத்தில் மட்டும் கவனம் வேண்டும்: 'ஒ'வுக்குப் பக்கத்தில் ளகரத்தைத் தட்டி 'ஒள' என்று எழுதியிருந்தால் இது திருத்தாது.

வரியின் உயரமான லைன்-ஹைட்டை 1.2-இலிருந்து 1.7-ஆக உயர்த்தினேன். 'கூ', 'மு' ஆகியவற்றின் வால்கள் இனி அறுபடாது.

ஜூன் 18

அண்ணாச்சி படம் அனுப்பினார். தறியில் 'முத்துல' வரை ஏறியிருக்கிறது.