அண்ணாச்சி கேட்ட கேள்விகள்

அந்த ஆண்டு சாம்பல் புதனன்று, காலை ஆறு மணித் திருப்பலியில் நெற்றியில் சிலுவையாகப் பூசப்பட்ட சாம்பலைத் துடைக்காமலேயே அலுவலகத்துக்குப் போனேன். பக்தி மிகுதியால் அல்ல; முந்தைய ஆண்டுகளில் பேருந்து ஏறும் முன்பே கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்ததால்தான்.

எங்கள் கணக்குப் பிரிவில் ஓய்வுபெற இரண்டு ஆண்டுகளே மீதமிருந்த அண்ணாச்சி, நாள் தவறாமல் மூன்று பட்டையாகத் திருநீறு அணிபவர். தேநீர்க் கடையில் என் நெற்றியைப் பார்த்ததும், "என்ன தம்பி, நீங்களும் எங்க கட்சிக்கு வந்தாச்சா?" என்று கேட்டார். எங்கள் பாட்டி அந்த நாளை விபூதிப் புதன் என்றுதான் சொல்லுவார் என்பதால், அவர் கேட்டது அப்படியொன்றும் தவறான கேள்வி இல்லை.

சென்ற ஆண்டு குருத்து ஞாயிறன்று பவனியில் பிடித்துச் சென்ற ஓலையைச் சிலுவையாக முடைந்து கதவு நிலைக்கு மேலே செருகி வைப்போம் என்றும், ஆண்டு முழுவதும் அங்கேயே காய்ந்து பழுப்பேறிய அந்த ஓலைகளை, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்குமுன் கோயிலில் திரட்டி எரிப்பார்கள் என்றும், அந்தச் சாம்பலைப் பூசும்போது மனிதன் மண்ணாய் இருக்கிறான், மண்ணுக்கே திரும்புவான் என்பதைக் குருவானவர் நினைவூட்டுவார் என்றும் சொன்னேன். அண்ணாச்சி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எங்க ஆச்சியும் இதத்தான் சொல்லுவா. கடைசியில மிஞ்சப் போறது இதுதான்னு ஞாபகம் இருக்கட்டும்பா" என்றார். தவக்காலம் நாற்பது நாள் என்று நான் சொல்லியிருந்ததை அவர் விடவில்லை. மறுநாள் காலண்டரோடு வந்து, சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாள் வருகிறதே, கணக்கு உதைக்கிறதே என்று நின்றார். உயிர்ப்பின் நாளாகிய ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நோன்பு இருப்பதில்லை, அந்த ஆறையும் கழித்துவிடுங்கள் என்றேன். கணக்கு நேரானதில் அவருக்கு என்னைவிட மகிழ்ச்சி. பிறகு வெள்ளிக்கிழமைகளில் நான் மீன் குழம்பு மட்டும் கொண்டுவருவது ஏன், இறைச்சியை விலக்கும் சுத்தபோசனம் என்றால் மீனும் ஆகாதுதானே என்று தொடங்கினார். அதற்கு இன்றுவரை அவருக்கு நிறைவான பதிலை நான் சொல்லிவிடவில்லை.

நம்பிக்கையைப் பகிர்வது என்றாலே கத்தோலிக்கர்களாகிய நமக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. அது குருக்களின் வேலை, கன்னியரின் வேலை என்று ஒதுக்கிவிட்டு, அக்டோபரில் மறைபரப்பு ஞாயிறன்று உறையில் பணம் போடுவதோடு நம் பங்கு முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். ஆனால் எங்கள் குமரி மாவட்டத்தின் புனிதரான தேவசகாயத்திடம் முதலில் கிறிஸ்துவைப் பற்றிப் பேசியவர் குரு அல்லர், உடன் வேலை பார்த்த ஒருவர். 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படையிடம் பிடிபட்டு, பின்னர் அதே அரசின் படையைப் பயிற்றுவித்த டச்சுத் தளபதி டி லனாய், உதயகிரிக் கோட்டைப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை குடும்பத்தில் அடுத்தடுத்து வந்த இழப்புகளால் முகம் வாடியிருந்ததைக் கண்டு, காரணம் கேட்டு, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விட்டு விலகாத விவிலிய மனிதர் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வரலாறு. நீலகண்டன் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனதும், 1752 ஜனவரி 14 அன்று காற்றாடி மலையில் சுடப்பட்டு இறந்ததும், 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்ததும் நம் எல்லோருக்கும் தெரியும். எனக்கோ அந்த முதல் நிமிடம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது: டி லனாய் முதலில் செய்தது போதனை அல்ல, விசாரிப்பு.

இதையெல்லாம் அறிந்திருந்தும் நான் சறுக்கினேன். அதே ஆண்டு ஆடியில் அண்ணாச்சியின் மனைவி நெடுநாள் நோய்க்குப் பிறகு காலமானார். துக்க வீட்டில், அவர் ஒன்றும் கேட்காதபோதே, சாவு முடிவல்ல என்று தொடங்கி உயிர்ப்பு, நிலைவாழ்வு என்று பேசிக்கொண்டே போனேன். அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "பந்தலுக்கு ஆள் வந்துட்டானான்னு பாருங்க தம்பி" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவருக்கு ஆறுதல் வேண்டியிருந்த இடத்தில் என் நம்பிக்கையை நான் அரங்கேற்றிக்கொண்டிருந்தேன். நம் எதிர்நோக்கைப் பற்றி விளக்கம் கேட்பவருக்குப் பணிவோடும் மரியாதையோடும் விடை சொல்ல ஆயத்தமாக இருக்கும்படிதான் பேதுருவின் முதல் திருமுகம் சொல்கிறது. கேட்பவருக்கு என்ற சொல்லைத் தாண்டி நான் ஓடியிருந்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது வாயைத் திறக்காமல், பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டேன்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு நான் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தபோது, அது என்ன நாள் என்று அண்ணாச்சி கேட்டார். இறந்தவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்து, கல்லறைக்கு வெள்ளையடித்துப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவோம், வேறு ஊர்களில் அடக்கமானவர்களுக்காகக் கல்லறைத் தோட்டத்தின் நடுவிலுள்ள பெரிய சிலுவையடியில் ஏற்றுவோம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். மாலை கிளம்பும்போது அவரே என் வண்டியருகே வந்து நின்று, "எங்க வீட்டுக்காரிக்கும் ஒண்ணு ஏத்தலாமா?" என்றார்.

இருவரும் சேர்ந்தே போனோம். காற்றில் அணையாதிருக்க மெழுகுவர்த்தியை உருகிக் கிடந்த மெழுகிலேயே அழுத்தி நட்டேன். நான் முணுமுணுத்த செபத்தில் இளைப்பாற்றி என்றொரு சொல் வந்ததே, அது என்ன என்று கேட்டார்.

"ஓய்வு, அண்ணாச்சி. அவங்களுக்கு முடிவில்லாத ஓய்வைக் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறோம்."

அவர் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேளுங்க தம்பி. அவளுக்கு அது ஒருநாளும் கெடைக்கல" என்றார்.