இலையில்லாத கொடிகள் நடுவே ஒரு ஜூலைக் கல்யாணம்

ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் பக்கத்து யாரா பள்ளத்தாக்கில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் கல்யாணம், ஜூலை மாதம், மொத்தமே 42 பேர், நீங்கள்தான் படம் எடுக்க வேண்டும் என்று கல்யாணப் பெண் போனில் சொன்னபோது நான் முதலில் கேட்டது சடங்கு எத்தனை மணிக்கு என்றுதான். நாலு மணி என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு இல்லை, அந்த நாலு மணிக்கு.

மெல்பர்ன் பக்கம் ஜூலை நடுவில் ஐந்தே காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். தோட்டத்துக்கு மேற்கே குன்று இருந்துவிட்டால் வெயில் அதற்கும் முன்பே போய்விடும். நாலு மணிக்குத் தொடங்கி, அழுது, கட்டிப்பிடித்து, எல்லாரும் வாழ்த்துச் சொல்லி முடித்துக் குடும்பப் படத்துக்கு வந்து நிற்கும்போது முகங்கள் எல்லாம் நீலம் பாய்ந்திருக்கும். இரண்டு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். பதிலுக்கு அவர் என்னிடம் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான்: யாரையும் இங்கே நில், அங்கே பார் என்று விரட்டக் கூடாது, அவசரமே இல்லாத நாளாக அது இருக்க வேண்டும்.

அவசரமில்லாத கல்யாணம் என்றால் நமக்கும் வேலை குறைவு என்று புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற பையன்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கல்யாணத்தன்று நாம் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டுமானால் யோசிக்க வேண்டியதை எல்லாம் முந்தைய வாரமே யோசித்து முடித்திருக்க வேண்டும். அதனால் ஒரு வாரம் முன்னாடி, ஒரு வேலை நாளில், அதே இரண்டு மணிக்கு அங்கே போய் நின்றேன். மெல்பர்னிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தான்.

கவாத்து, அதாவது கொடிகளின் பழைய குச்சிகளை வெட்டிவிடும் வேலை, நடந்துகொண்டிருந்தது. எனக்குச் சொந்த ஊர் சின்னமனூர், அதனால் அந்த வார்த்தை தானாக வாயில் வந்துவிடும். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையைப் பந்தல் போட்டு ஏற்றிவிடுவார்கள், பந்தலுக்கு அடியில்தான் நடப்போம், தலைக்கு மேலே குலை தொங்கும். வருஷம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்த அன்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் பட்ட சந்தோஷம் எனக்குத்தான் தெரியும். இங்கே கொடி கம்பி வேலியில் நெஞ்சு உயரத்துக்கு நிற்கிறது, குளிர்காலத்தில் ஒரு இலை இருக்காது, தூங்குகிறது. கறுத்து முறுக்கிய அடிமரம், அதிலிருந்து போன பருவத்தில் விட்ட செம்பழுப்புக் குச்சிகள், அவற்றில் எதை விடுவது எதை வெட்டுவது என்று ஒவ்வொரு கொடியாகப் பார்த்து நான்கைந்து பேர் வெட்டிக்கொண்டே போனார்கள். அந்தக் கத்தரிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. குளிர்காலத் தோட்டம் படத்தில் மொட்டையாகத் தெரியுமே என்று கல்யாணப் பெண்ணுக்கு ஒரு கவலை இருந்தது. எனக்கு இல்லை. இலை இருந்தால் பின்னால் ஒரு பச்சைச் சுவர்தான் தெரியும். இலை உதிர்ந்தால்தான் வரிசைகளின் கோடு தெரியும், அது மலையடி வரைக்கும் கண்ணை இழுத்துக்கொண்டு போகும். போதாததற்கு இந்த ஊரில் குளிர்காலத்தில் மண் ஈரம் காயாது என்பதால் கோடையில் காய்ந்து வைக்கோல் நிறமாகக் கிடக்கும் புல் இப்போது பச்சைப்பசேல் என்று இருக்கும்.

வரிசைக்கு நடுவே இருவரையும் நடக்கவிடலாம் என்று நான் போட்டிருந்த கணக்கு மட்டும் அன்று உடைந்தது. தோட்டத்துக்காரர் தன்மையாகத்தான் சொன்னார், ஆனால் கண்டிப்பாகச் சொன்னார்: டிராக்டர் போகிற புல்பாதையைத் தாண்டக் கூடாது. காரணம் ஃபிலாக்சரா. திராட்சை வேரைத் தின்கிற, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுள்ள ஒரு பூச்சி. யாரா பள்ளத்தாக்கில் அதை 2006இல் கண்டுபிடித்தார்கள். செருப்பில் ஒட்டிய மண்ணோடு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும், சொந்த வேரில் நிற்கும் பழைய கொடிகளுக்கு அது வந்தால் மருந்து கிடையாது, பிடுங்கிவிட்டு அதைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கட்டையில் ஒட்டுப்போட்ட கன்றைத்தான் நட வேண்டும். இந்தப் பக்கம் கல்யாணப் படம் எடுக்கப் போகிற யாராக இருந்தாலும் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள், ஒரு படத்துக்காக ஒருவருடைய பல வருஷ உழைப்புக்குள் சேற்றுக் காலோடு நுழையாதீர்கள். அகலமாகக் காட்டும் 35 எம்எம் லென்ஸைப் பையில் வைத்துவிட்டு, தூரத்தைக் கிட்டே இழுக்கும் 85ஐ எடுத்தேன். புல்பாதையில் அவர்களை நிறுத்தி, நான் நன்றாகப் பின்னால் தள்ளி நின்றால் வரிசைகள் அவர்களுக்குப் பின்னால் நெருங்கி வந்து நிற்கின்றன. உள்ளே போகவே தேவையில்லை.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்குத் திசையே பிடிபடவில்லை, ஏனென்றால் பூமியின் தென்பாதியில் சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது. ஜூலையில் உச்சி வேளையில்கூட அது தொடுவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். மதுரையில் மார்கழி மாத உச்சி வெயிலே 55 டிகிரியைத் தாண்டும், நம்மூர் வெளிக்கல்யாணங்களில் கண்குழியில் கறுப்பு நிழல் விழுந்து நாம் படும் பாட்டுக்கு அதுதான் காரணம். இங்கே குளிர்காலத்தில் பகல் முழுக்க வெளிச்சம் பக்கவாட்டில்தான் வருகிறது. மதியம் இரண்டு மணிக்கு, நம்மூரில் மாலை நாலரைக்குக் கிடைக்கும் வெளிச்சம். குளிருக்குப் பயந்து இந்த மாதங்களில் கல்யாணம் வைக்க யோசிக்கிறவர்களிடம் நான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சரி, கல்யாண நாள். காலையில் மூடுபனி, பதினொன்றுக்கு மேல்தான் விலகியது. 12 டிகிரி இருக்கும். வாசலில் ஒரு பெரிய கூடை நிறைய கம்பளிப் போர்வைகள், வந்தவர்கள் ஆளுக்கொன்று எடுத்துப் போர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். கல்யாணப் பெண் வெள்ளை கவுனுக்கு அடியில் முழங்கால் வரை வரும் பச்சை ரப்பர் பூட்ஸ் போட்டு வந்தார். ஊர்வலம், வரவேற்பு எதுவும் கிடையாது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வழியில் இரண்டு பேரிடம் நின்று பேசிவிட்டு வந்தார்.

நம் கல்யாணத்தில் கெட்டிமேளம் என்று ஒன்று இருக்கிறது. எத்தனை கூட்டம் மறைத்தாலும் அந்தச் சத்தம் மாறியதும் விரல் தானாக ஷட்டரை அழுத்தும். இங்கே அப்படி எந்த அடையாளமும் இல்லை. ஆஸ்திரேலியாவின் 1961ஆம் வருஷத்துத் திருமணச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும், செலிப்ரன்ட் என்று அனுமதி பெற்ற ஒருவர் நடத்திவைக்க வேண்டும், 18 வயது தாண்டிய இரண்டு சாட்சிகள் வேண்டும். இருவரும் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டிய வாசகம் ஒன்று இருக்கிறது, அந்த வார்த்தைகள்தான் தாலி. அதனால் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது, காதால் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வாசகத்தின் நடுவில் நின்றுவிட்டார். தொண்டை அடைத்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை, எடுத்துக்கொடுக்கவும் இல்லை, 42 பேரும் போர்வைக்குள் அசையாமல் காத்திருந்தார்கள். நான் அவரை எடுக்காமல் அவர் அம்மாவை எடுத்தேன். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, மகன் சொல்லாமல் விட்ட மிச்சத்தை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

கையெழுத்துப் போடும் நேரம் வந்தபோது பெண்ணின் விரல் விறைத்துப் பேனா பிடிபடவில்லை. முன்வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் பாட்டி, எண்பது வயதுக்கு மேல், யாரையும் கேட்காமல் எழுந்து வந்து அந்த வலதுகையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தார். நரம்பு புடைத்த கை, மூட்டு ஒவ்வொன்றும் வீங்கியிருந்தது, மோதிரம் தோலுக்குள் புதைந்து கிடந்தது. நடுவில் ஒருமுறை குனிந்து வாயால் ஊதினார், அந்த மூச்சு பக்கவாட்டு வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது. ஆறு படம் எடுத்திருக்கிறேன், மூன்றாவதில்தான் மூச்சு இருக்கிறது.

குடும்பப் படங்களுக்கு இருபது நிமிஷம். யார் யாரோடு என்ற பட்டியலை முன்பே வாங்கி, மாப்பிள்ளையின் தங்கையிடம் கொடுத்திருந்தேன், அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், நான் கத்தவே இல்லை. அப்புறம் அவர்களை விட்டுவிட்டேன். இரும்பு டிரம்மில் யூகலிப்டஸ் விறகும் பழைய திராட்சைக் கட்டைகளும் எரிந்துகொண்டிருந்தன, பட்டையும் ஆரஞ்சும் போட்டுச் சூடாக்கிய ஒயினைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் அதைச் சுற்றி நின்றார்கள். ஐந்து மணிக்கு மேல் வானம் நீலம், முகத்தில் நெருப்பின் செம்மஞ்சள். இரண்டையும் சரிசெய்யப் பார்க்காதீர்கள், கேமராவில் நிறத்தைச் சரிக்கட்டும் வொயிட் பேலன்ஸை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு அந்த இரண்டு நிறமும் மோதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள். தூரத்துப் புல்வெளியில் கங்காருக்கள் மேய வந்துவிட்டன, ஒரு சின்னப் பையன் போர்வையை இழுத்துக்கொண்டே அவற்றை எண்ணிக்கொண்டிருந்தான்.

குளிரில் வேலை செய்பவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இங்கே முதல் குளிர்காலத்தில், வேறொரு கல்யாணத்தில், வெளியே ஒரு மணி நேரம் நின்ற கேமராவோடு சூடான ஹாலுக்குள் நேராகப் போனேன். லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிட்டது, துடைத்தாலும் திரும்பப் படிகிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே நுழைந்த காட்சி அந்தக் குடும்பத்திடம் இன்றைக்கும் இல்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது. அன்றிலிருந்து இரண்டு கேமரா, ஒன்று வெளியே, ஒன்று காலையிலிருந்தே உள்ளே. பேட்டரிகளும் குளிரில் சீக்கிரம் இறங்கும், அவை என் சட்டைப் பைக்குள், உடம்புச் சூட்டில் இருக்கும்.

சாப்பாடு ஒரு பழைய பால்மாட்டுக் கொட்டகையில். இந்தப் பள்ளத்தாக்கில் 1838இலேயே திராட்சை நட்டிருக்கிறார்கள், 1889 பாரிஸ் கண்காட்சியில் இங்கத்திய ஒயின் பரிசு வாங்கியிருக்கிறது, அப்புறம் 1920கள் வாக்கில் கொடிகளை விட்டுவிட்டு மாட்டுக்குப் போய்விட்டார்கள், 1960களில்தான் திராட்சை திரும்பி வந்தது. அதனால்தான் ஒயின் ஊரில் மாட்டுக்கொட்டகை. கூரை முழுக்கக் கறுத்த மரம், ஃப்ளாஷை மேலே அடித்தால் அது எல்லாவற்றையும் குடித்துவிடும். மூலையில் சுண்ணாம்பு அடித்த ஒரே ஒரு சுவர் இருந்ததை முந்தைய வாரமே பார்த்து வைத்திருந்தேன், அதில் ஒரு ஃப்ளாஷைத் திருப்பி வைத்தேன். மற்றபடி மெழுகுவத்தியும், குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கக் கேமராவில் ஏற்றி வைத்த 6400 ஐஎஸ்ஓவும். படத்தில் கொஞ்சம் குருணை இருக்கும், இருக்கட்டும்.

மூன்று வாரம் கழித்துப் படங்களை அனுப்பினேன். அடுத்த நாளே அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது, கையைத் தேய்க்கிற படம் ஒன்று தனியாகப் பிரிண்ட் வேண்டும், பாட்டி வீட்டுக்கு, அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, பெரிதாகப் போடுங்கள் என்று. பளபளப்பு இல்லாத தாளில் இரண்டடி அகலத்துக்குப் போட்டுக் கொடுத்தேன். மூன்றாவது படம்தான், மூச்சு தெரிகிற படம்.