தூக்கிட்டு போகும்போதே திட்டுற அப்பாக்கள்

போன மாசம் அப்பா வீட்ல வழுக்கி விழுந்துட்டார். மாடியில இருந்து ஆட்டோ வரைக்கும் நான்தான் முதுகுல தூக்கிட்டு இறங்குனேன், இறங்குற வரைக்கும் என் வாய் சும்மா இல்ல, "சொன்னா கேக்குறதே இல்ல, எத்தனை வாட்டி சொல்றது"ன்னு திட்டிக்கிட்டே வந்தேன். அவர் பதில் பேசல, கழுத்தை மட்டும் இறுக்கிப் புடிச்சிருந்தார். ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருக்கும்போது தான் ருல்ஃபோவோட கதை ஞாபகம் வந்துச்சு.

மெக்சிகோ எழுத்தாளர் ஹுவான் ருல்ஃபோ 1953-ல போட்ட தொகுப்புல இருக்கற கதை அது. அடிபட்ட மகனை ஒரு கிழவர் தோள்ல சுமந்துகிட்டு நிலா வெளிச்சத்துல டோனாயாங்கற ஊருக்கு வைத்தியம் பாக்க போறார். மகன் வழிப்பறிக்காரன், கொலைகாரன். கிழவரோட காது அடைபட்டு கிடக்கு, அதனால ஊர் பக்கத்துல வந்துடுச்சான்னு தெரிஞ்சுக்க "நாய் குரைக்கிற சத்தம் கேக்குதா பாரு"ன்னு மகன்கிட்ட கேட்டுகிட்டே நடக்குறார். கூடவே திட்டு. உனக்காக தூக்கல, செத்துப்போன உங்க அம்மாவுக்காக தூக்குறேன்னு சொல்றார். அப்படி கோவம் ஏறும்போது ஸ்பானிஷ்ல 'நீ'யை விட்டுட்டு 'நீங்க'ளுக்கு மாறிடுறார். நம்ம வீட்லயும் அப்பா திடீர்னு "சார் எங்க போயிட்டு வர்றீங்க"ன்னு ஆரம்பிச்சா என்ன அர்த்தம்னு நமக்கு தெரியும்ல, அதே தான். கடைசியில ஊர் வந்துடுது, கழுத்தை புடிச்சிருந்த மகனோட விரல்களை கஷ்டப்பட்டு பிரிச்சு விட்டா நாலு பக்கமும் நாய் குரைக்குது. அப்பவும் அவர் வாயில இருந்து வர்றது ஒரு குறை தான், இந்த நம்பிக்கையை கூட நீ எனக்கு கொடுக்கலையேன்னு.

உடம்பு பாசத்தை சுமக்குது, வாய் வேற எதையோ பேசுது. மெக்சிகோ கதைகள்ல வர்ற அப்பாக்களை நான் இந்த ஒரு இடத்துல இருந்து தான் பாக்குறேன்.

1955-ல வந்த 'பெத்ரோ பாராமோ'ல அப்பாவைத் தேடிட்டு மகன் கோமாலாங்கற ஊருக்கு போறான், வழித்துணையா வர்றவனும் நானும் பெத்ரோ பாராமோ மகன் தான்ங்கறான். ஊரெல்லாம் பிள்ளை, யாருக்கும் அப்பா இல்ல. மெக்சிகோ பேச்சுலயே இது இருக்கு, ஒரு விஷயம் சூப்பரா இருந்தா 'கே பாத்ரே'ம்பாங்க, பாத்ரேன்னா அப்பா. எனக்கு கவலையே இல்லைன்னு சொல்ற கொச்சை வார்த்தையில வர்றது அம்மா. குடும்பத்தை விட்டு ஓடிப்போன அப்பனை 'சிகரெட் வாங்க போனார்'னு சொல்றதும் அங்க சகஜம்.

இந்த நூற்றாண்டுல எழுத வந்தவங்க இதே அப்பாவை பிள்ளைங்க பக்கத்துல நின்னு பாக்குறாங்க. ஹுவான் பாப்லோ வியாலோபோஸ் 2010-ல எழுதுன முதல் நாவலை டோச்ட்லின்னு ஒரு சின்னப் பையன் சொல்றான். அப்பா யோல்கவுட், போதைமருந்து கும்பல் தலைவன். அப்பான்னு கூப்பிட்டா அவனுக்கு பிடிக்காது, பேர் சொல்லி தான் கூப்பிடணும். நாம அப்பா பிள்ளை இல்ல, சுத்துவட்டாரத்துலயே பெரிய ஆம்பளைங்க கூட்டம்னு பையனுக்கு சொல்லிக் கொடுக்குறான். பையன் கேட்டா லைபீரியாவுல இருக்கற குள்ள நீர்யானையை பிடிக்க கூட கூட்டிட்டு போறான், ஆனா அப்பான்னு ஒரு வார்த்தை மட்டும் கிடையாது. பையனோ தூங்கறதுக்கு முன்னாடி டிக்ஷனரி படிச்சு கஷ்டமான வார்த்தையா சேத்து வைக்கிறவன். படிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைச்சிடுச்சு.

ஹோர்ஹே கொமென்சால் 2016-ல எழுதுன நாவல்ல வாயே போயிடுது. ரமோன் ஒரு வக்கீல், பேச்சு தான் தொழில், வீட்லயும் அவர் வெச்சது தான் சட்டம். புற்றுநோய் வந்து நாக்கை எடுத்துடுறாங்க. வீட்டு வேலை செய்ற அம்மா ஒரு கிளி கொண்டுவந்து கொடுக்குறாங்க, அது வண்டை வண்டையா கெட்ட வார்த்தை பேசுது, இவர் அதுகிட்ட தான் ஒட்டிக்கிறார். அதிகாரம் பண்ண குரல் இல்லாத ஆம்பளை அந்த வீட்ல யாருன்னு அவருக்கே தெரியல.

டேனியல் சால்டான்யா பாரிஸோட 2018 நாவல்ல கதை தலைகீழ். 1994-ல அம்மா தான் சபாட்டிஸ்டாங்கற பழங்குடி கிளர்ச்சிக்காரங்களோட எழுச்சி நடக்குற சியாபாஸ் மாநிலத்துக்கு கிளம்பி போயிடுறா. கூட இருக்கற அப்பாவுக்கு பிள்ளைங்ககிட்ட என்ன பேசறதுன்னு தெரியல. அதே 2018-ல எமிலியானோ மோன்ஹே தன்னோட வீட்டு மூணு தலைமுறை ஆம்பளைங்களைப் பத்தி எழுதுனார், தாத்தா செத்துட்டதா நாடகமாடிட்டு ஓடிப்போனவர், அப்பா கெரில்லா படைக்கு போனவர்.

அதுக்காக எல்லாம் மாறிடுச்சுன்னு சொல்றவங்க கூட எனக்கு ஒத்துப்போகாது. 2012 தொழிலாளர் சட்டத் திருத்தத்துல மெக்சிகோவுல அப்பாவான தொழிலாளிக்கு சம்பளத்தோட கிடைச்ச லீவு 5 வேலை நாள். ஃபெர்னாண்டா மெல்ச்சோரோட 2017 நாவல்ல 13 வயசு நோர்மாவை கர்ப்பமாக்குறது அம்மாகூட வாழ்ற ஆள், அந்த பொண்ணு அவனை அப்பா மாதிரின்னு தான் நெனச்சிருக்கும். அதை நான் ஒரே மூச்சுல படிக்க முடியாம கீழ வெச்சுட்டேன்.

ஆனா ஹூலியான் எர்பெர்ட் இருக்காரு. 2011-ல வந்தது அவரோட நாவல். பாலியல் தொழில் பண்ணி, பிள்ளைங்களை கூட்டிக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்ச அம்மா, ரத்தப் புற்றுநோய் வந்து சால்டியோங்கற ஊர் ஆஸ்பத்திரியில கிடக்குறா. மகன் பக்கத்துல உக்காந்து பாத்துக்குறான், லேப்டாப்ல எழுதுறான், அவன் மனைவி கர்ப்பமா இருக்கா. அம்மா மேல அவனுக்கு கோவம் இல்லாம இல்ல, நிறையவே இருக்கு. ஆனாலும் கட்டிலை விட்டு போகாம அங்கயே இருக்கான். புதுசா ஒரு ஆம்பளையை இந்த பக்கங்கள்ல தான் நான் பாத்தேன், ராத்திரி பூரா முழிச்சிருந்து இன்னொரு உடம்பை கவனிக்கிறவன்.

அப்பாவுக்கு இடுப்புல தகடு வெச்சிருக்காங்க, இன்னும் ரெண்டு வாரம் படுத்தே இருக்கணும். அவர் தூங்குனதும் கட்டில் பக்கத்துல ஸ்டூல் போட்டு எர்பெர்ட்டை திரும்பவும் முதல்ல இருந்து படிச்சிட்டு இருக்கேன். நேத்து முழிச்சிட்டு "என்ன கதைடா"ன்னு கேட்டார், அரை மணி நேரம் சொன்னேன்.